தெளிந்த வட்டம்

கன் தோவில் மீன் சுணங்கினால்
மனிதனுக்கு எழுதும் அதே மருந்துதான்.
ஏழாம் அக்கா தீவனத்தில் கலக்குகிறாள்,
முழங்கை வரை வெள்ளைப் பொடி.
(வீட்டில் அவள் ஆறாவது பிள்ளை.
இந்தப் பக்கம் எண்ணிக்கை இரண்டில் தொடங்கும்,
ஒன்று என்று யாரையும் கூப்பிடுவதில்லை.)

கெளுத்தி தன் உடம்பில் வைத்துக்கொள்வது கொஞ்சம்.
மிச்சம் குளத்துக்கு,
குளத்திலிருந்து வாய்க்காலுக்கு,
வாய்க்காலிலிருந்து
படகு விளிம்பில் குந்திப் பாத்திரம் துலக்கும்
யாவர்க்கும்.

மோட்டார் சைக்கிளின் இருபுறமும் கேன் கட்டி
நான் அந்த நீரைக் கொண்டுவருகிறேன்.
பத்து லிட்டரை ஒரு கோப்பையாய்ச் சுருக்கி
இருட்டறையில் புறஊதா விளக்கைக் காட்டினால்
நீலம்.
அழகாய்த்தான் இருக்கிறது,
அதுதான் எரிச்சல்.

சா டெக் செங்கல் சூளையில் உமி எரித்த கரி.
மூட்டையாய் வாங்கி, இரும்பு உப்பில் ஊறவைத்து,
காற்றுப் படாமல் மறுபடி சுட்டேன்.
காந்தத்தைக் காட்டினால்
எறும்புக் கூட்டம்போல் ஏறி ஒட்டுகிறது.
இதுதான் என் வினையூக்கி.
மூன்று வருடம், ஒரு டப்பா.

பெராக்சைடு விடுகிறேன்.
இரும்பு அதைப் பிளக்கிறது,
பிளந்ததில் ஒரு துண்டுக்கு அடங்காப் பசி.
நொடியை நூறு கோடியாய் நறுக்கினால்
சில நறுக்குதான் அதன் ஆயுசு.
அதற்குள் எதிர்ப்பட்டதைக் கடித்துவிடும்.
மருந்தா, பாசியா, மீன் எச்சமா
பார்ப்பதில்லை.
காய்ச்சி வடித்த நீரில் நாற்பது நிமிடம் போதும்.
அக்காவின் குளத்து நீரில்
நாலு மணி நேரத்துக்குப் பிறகும் பாதி நீலம்.

பந்தி முழுக்கப் பரிமாறிவிட்டு
ஒரு பருக்கை வாயில் வைக்காமல் போகிறவன்
வினையூக்கி என்று படித்தேன்.
ஆறாம் சுற்றில் என் கரி களைத்தது.
வடிகட்டிய நீர் துருவேறிச் சிவந்தது.
பரிமாறியவனும் கொஞ்சம் கொஞ்சமாய்ப்
பந்தியில் கரைந்திருக்கிறான்.

நீலம் அணைந்தாலும் நம்ப முடியாது.
உடைந்த துண்டுகளும் கொல்லும்.
அதனால் தட்டு நிறையக் கிருமி விதைத்து
நடுவே அந்த நீர் நனைத்த காகித வில்லையை வைப்பேன்.
மருந்து உயிரோடிருந்தால்
சுற்றிலும் ஒரு தெளிந்த வட்டம்,
யாரும் முளைக்காத நிலம்.
ஊரெல்லாம் கிருமி சாகக் காத்திருக்கிறது.
நான் ஒருத்தி
அது பிழைக்கக் காத்திருக்கிறேன்.

அக்கா ஒருநாள் ஆய்வகம் வந்தாள்.
கெளுத்தி முள் ஏறிய காலில் கட்டு,
மாவட்ட மருத்துவமனையில் மூன்றாவது மாத்திரை மாற்றியாயிற்று.
தட்டைத் தூக்கிப் பார்த்தாள்.
"என்ன குயென், கூழ் பூசினாற்போல?"
கிருமி, அக்கா.
"நல்லதா கெட்டதா?"
இந்தத் தட்டில் நல்லது.
தன் காலைப் பார்த்தாள்.
பிறகு கேட்டது காலைப் பற்றி அல்ல:
"என் குளத்துக்கு எத்தனை மூட்டை கரி வேணும்?"

கணக்குப் போட்டுக் காட்டினேன்.
கரைமேட்டைவிடக் கரிமேடு உயரம்.
அவள் சிரித்தாள், ஆய்வகமே திரும்பிப் பார்க்கும் சிரிப்பு.
"அதுக்கு நான் மீனைக் கொஞ்சம் கலைச்சு விட்டு
பொடியைப் பாதியாக்கிட்டா?"

என் ஆய்வேட்டில் அதற்கு அத்தியாயம் இல்லை.
வாசல் வரை போய்
நொண்டும் அவள் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அளவுகோலோடு குனிகிறேன்.
போன வாரம் இருபத்திரண்டு மில்லிமீட்டர்,
இன்று ஒன்பது.
ஆறு வந்தால் அது வெறும் காகிதத்தின் அகலம்.
மூன்று மில்லிமீட்டர் பாக்கி.

கையுறை மாட்டுகிறேன்.
ஜன்னலுக்கு வெளியே வாய்க்காலில்
யாரோ கீரை அலசுகிறார்கள்.